டின் கிட்டிலிருந்து துணிப்பைக்கு: வீட்டு பியரில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழியும்

டின் கிட்டில் (டின்னில் தயாராக வரும் பாகில்) பத்துப் பன்னிரண்டு முறை நல்ல பியர் காய்ச்சியவர்கள்கூட, முழுத் தானியத்துக்கு (தானியத்தைத் துணிப்பையில் போட்டு நாமே ஊறவைக்கும் முறைக்கு) மாறியதும் ஒரே மாதிரியான இடங்களில் இடறுகிறார்கள். மெல்பர்னில் என் வீட்டு கராஜில் ஒரு 40 லிட்டர் அர்னும் (மின்சாரத்தில் காயும் பெரிய பானை) ஒரு துணிப்பையும் வைத்து ஒன்பது வருடமாகக் காய்ச்சுகிறேன். சனிக்கிழமை மதியம் போன் அடித்தால், பாதி நாள் அது "அண்ணா, கிராவிட்டி வரவே இல்லை" என்ற குரலாகத்தான் இருக்கும். கிராவிட்டி என்பது எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று காட்டும் அடர்த்தி எண். அந்தப் போன்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டின்னில் இருக்கும் பாகு ஏற்கெனவே வேலை முடிந்த பொருள். யாரோ ஒருவர் மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) உடைத்து, சரியான சூட்டில் ஊறவைத்து, வடித்து, சுண்டவைத்துத்தான் டின்னில் அடைத்தார். அந்த வேலைகள் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கின்றன. கோளாறும் அங்கேதான் இருக்கும். செய்முறையை மாற்றுவதும் புதுப் பாத்திரம் வாங்குவதும் கடைசிப் பேச்சு.

கீழே வரும் எண்களெல்லாம் ஒரே கணக்கை ஒட்டியவை: 5 கிலோ மால்ட், 31 லிட்டர் தண்ணீர், 66 டிகிரியில் ஒரு மணி நேரம் மாஷ் (மால்ட்டைச் சுடுநீரில் ஊறவைப்பது), ஒரு மணி நேரம் கொதி, கடைசியில் ஃபெர்மென்டரில் (ஈஸ்ட் போட்டு நொதிக்கவிடும் பாத்திரத்தில்) 21 லிட்டர், கிராவிட்டி 1.050. உங்கள் அளவு வேறென்றால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் சொந்தக் குடிப்புக்கு வீட்டில் பியர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம். விற்கக் கூடாது, வடித்துச் சாராயம் எடுக்கக் கூடாது. தமிழ்நாட்டில் பியரும் வீட்டில் காய்ச்ச முடியாது. இருக்கும் ஊரின் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

எதற்கும் முன்னால்: இரண்டு கருவிகளைச் சோதியுங்கள்

தெர்மாமீட்டரை உடைத்த பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த தம்ளரில் வையுங்கள். 0 காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 100 காட்ட வேண்டும். இரண்டு டிகிரி தப்பாகக் காட்டினால் மாஷ் முழுவதும் இரண்டு டிகிரி தப்பு.

கிராவிட்டி அளக்கும் ஹைட்ரோமீட்டரை 20 டிகிரி வெறும் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். 1.000 வர வேண்டும். 1.003 வந்தால் எல்லா அளவிலும் 3 கழித்துக்கொள்ளுங்கள். தூக்கிப் போட வேண்டியதில்லை.

ஐந்து நிமிட வேலை இது. எனக்கு வரும் போன்களில் கணிசமானவை இங்கேயே முடிந்துபோகின்றன.

அறிகுறி 1: கிராவிட்டி குறைவாக வருகிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். வரிசையாகப் பாருங்கள், நடுவில் தாண்ட வேண்டாம்.

சூடான வோர்ட்டில் (மாஷில் வடித்த இனிப்பு நீரில்) அளந்தீர்களா?

ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்கென்று செய்யப்பட்டது. வோர்ட் 30 டிகிரியில் இருந்தால் சுமார் 2 புள்ளியும் (ஒரு புள்ளி என்பது 0.001), 40 டிகிரியில் 6 புள்ளியும், 60 டிகிரியில் 15 புள்ளியும் குறைத்துக் காட்டும். திருத்தும் அட்டவணைகள் இருந்தாலும் அதிகச் சூட்டில் அவற்றை நம்ப வேண்டாம். ஒரு எவர்சில்வர் தம்ளரில் கொஞ்சம் எடுத்து, பச்சைத் தண்ணீரில் வைத்து ஆற்றி, பிறகு அளங்கள். எடுப்பதற்கு முன் பானையை நன்றாகக் கலக்குங்கள். பையைத் தூக்கிய கையோடு எடுத்தால் மேலே ஒரு அளவும் அடியில் ஒரு அளவும் வரும்.

தண்ணீர் கூடிவிட்டதா?

போன மாதம் ஒரு தம்பி பதறிப்போய்க் கூப்பிட்டார். 1.050 வர வேண்டியது 1.042 வந்திருக்கிறது. "ஃபெர்மென்டர்ல எத்தனை லிட்டர் இருக்கு, தம்பி?" என்று கேட்டேன். 25 என்றார். அவருடைய மாஷில் ஒரு குறையும் இல்லை. கிராவிட்டியின் கடைசி இரண்டு இலக்கத்தை லிட்டரால் பெருக்கிப் பாருங்கள். 50 × 21 = 1050. அவருடையது 42 × 25 = 1050. சர்க்கரை முழுசாக வந்துவிட்டது. நாலு லிட்டர் தண்ணீர்தான் கூடிப்போனது.

டின்னில் இந்தப் பிரச்சினையே கிடையாது, கோடு வரை தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. பையில் நாமே கணக்குப் போட வேண்டும். தொங்கவிட்டுப் பிழிந்த பிறகும் கிலோவுக்கு 0.7 லிட்டர் அளவில் தானியம் குடித்துக்கொள்ளும், அது 3.5 லிட்டர். கொதியில் மணிக்கு 3 முதல் 4 லிட்டர் ஆவியாகும். அடியில் மண்டியோடு 2 லிட்டர் தங்கும். கொதிநிலையில் 24 லிட்டராகத் தெரிவது ஆறியதும் 23 ஆகச் சுருங்கும். உங்கள் அர்ன் மணிக்கு எவ்வளவு ஆவியாக்குகிறது என்பதை ஒருநாள் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அளந்து எழுதி வைத்துவிடுங்கள். அப்புறம் ஊகிக்க வேண்டியதே இல்லை.

பெருக்கினால் 800, 850 என்றுதான் வருகிறதா? அப்படியானால் சர்க்கரையே வரவில்லை. அடுத்ததைப் பாருங்கள்.

மால்ட் சரியாக உடைந்திருக்கிறதா?

என் அனுபவத்தில் உண்மையான கோளாறு பெரும்பாலும் இங்கேதான். கடையில் "உடைத்துத் தாருங்கள்" என்று கேட்டால், அவர்கள் மில்லை அடியில் சல்லடை போட்ட மாஷ் டன்னுக்கு (மாஷ் செய்யும் தனிப் பாத்திரத்துக்கு) ஏற்ற இடைவெளியில் வைத்திருப்பார்கள். அங்கே உமி முழுசாக இருந்தால்தான் வோர்ட் வடியும். பையில் துணியே வடிகட்டி என்பதால் இன்னும் பொடியாக உடைக்கலாம்.

சோதனை இது: ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். உமி, குருணை, கொஞ்சம் மாவு மூன்றும் தெரிய வேண்டும். முழு மணி ஒன்றுகூட இருக்கக் கூடாது. சும்மா நசுங்கிய மணியை நகத்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைக் கட்டி அப்படியே இருந்தால் அது உடைந்த கணக்கில் வராது.

செலவில்லாத தீர்வு, கடையில் "பைக்கு வேண்டும், இரண்டு முறை மில்லில் விடுங்கள்" என்று கேட்பது. சொந்த மில் இருந்தால் உருளைகளின் இடைவெளியை 0.7 மில்லிமீட்டர் பக்கம் கொண்டுவாருங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் வங்கி அட்டையைச் செருகிப் பாருங்கள். அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர். இறுக்கமாக உரசிக்கொண்டு போனால் சரி. உருளையின் இரண்டு முனையிலும் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் விரிந்திருப்பது அடிக்கடி நடக்கும்.

மிக்சியில் அரைக்கலாமா என்று கேட்பார்கள். ஒன்றிரண்டு கிலோ என்றால், விட்டுவிட்டு ஓட்டிக் குருணையாக எடுக்கலாம். 5 கிலோவை அதில் போட்டால் மோட்டார் சூடாகிப் போகும்.

கட்டி தட்டிவிட்டதா?

மாவு பொடியானால் இந்தச் சிக்கல் வரும். கேழ்வரகுக் கூழ் காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மால்ட்டை மொத்தமாகக் கவிழ்க்காமல் ஒருவர் மெல்லத் தூவ, இன்னொருவர் கைவிடாமல் கிண்ட வேண்டும். மாஷ் முடிந்து பையைத் திறந்து பாருங்கள். எலுமிச்சம்பழ அளவில் உருண்டை கிடந்து, உடைத்தால் உள்ளே காய்ந்த மாவு இருந்தால், அவ்வளவு சர்க்கரை வீண். மாஷ் நேரத்தில் கால் மணிக்கு ஒருமுறை ஒரு கிண்டு கிண்டினாலும் கிராவிட்டி ஏறும்.

மாஷ் முழுசாக முடிந்ததா?

பள்ளிக்கூடத்தில் அரிசிக் கஞ்சியில் அயோடின் விட்டு நீலமானதைப் பார்த்திருப்பீர்கள். அதே சோதனைதான். வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டு வோர்ட், அதன்மேல் ஒரு சொட்டு அயோடின். கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் மிச்சம் இருக்கிறது, அரை மணி கூட்டுங்கள். நிறம் மாறாவிட்டால் முடிந்தது. உமி கலந்தால் அது எப்படியும் நீலமாகும், எனவே தெளிந்த வோர்ட்டை மட்டும் எடுங்கள். சோதித்த சொட்டைப் பானையில் திரும்ப ஊற்றாதீர்கள்.

தண்ணீர்

மெல்பர்ன் தண்ணீர் மிகவும் மென்மையானது. வெளிர் மால்ட் மட்டும் போட்டால் மாஷின் பிஎச் 5.7, 5.8 என்று நிற்கலாம். நமக்கு வேண்டியது 5.2 முதல் 5.6 வரை. டின்னில் இது தெரியவே தெரியாது, அந்த வேலை தொழிற்சாலையிலேயே முடிந்திருக்கும். மென்மையான தண்ணீருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடோ ஜிப்சமோ போட்டுப் பாருங்கள். போதாவிட்டால் அசிடுலேட்டட் மால்ட் (அமிலமேற்றிய மால்ட்) 100 கிராம் சேருங்கள். மொத்தத் தானியத்தில் 1 சதவீதத்துக்கு பிஎச் 0.1 இறங்கும் என்பது நடைமுறைக் கணக்கு. அடிலெய்டு, பெர்த் பக்கம் தண்ணீர் வேறு மாதிரி. அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே செய்யாமல், குடிநீர் நிறுவனம் வெளியிடும் தர அறிக்கையைப் பார்த்த பிறகே உப்பைத் தொடுங்கள்.

பிஎச் மீட்டர் வாங்குவதை நான் கடைசியாகத்தான் சொல்வேன். வாங்கினால் 4, 7 கரைசல்களில் ஒவ்வொரு முறையும் சரிபார்த்து, ஆறிய வோர்ட்டில் மட்டும் அளங்கள். இல்லாவிட்டால் அது காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை.

இன்றைய பியரைக் காப்பாற்ற

பையைத் தூக்கியதும், கொதிக்கு முன் ஒருமுறை அளப்பது இதற்காகத்தான். நம் கணக்கில் அப்போது 27 லிட்டரில் 1.042 இருக்க வேண்டும். 1.034 வந்தால் 8 புள்ளி குறை; 8 × 27 = 216. உலர் மால்ட் பொடி ஒரு கிலோ கிட்டத்தட்ட 370 புள்ளி தரும். ஆகவே 600 கிராம் போட்டால் போதும். கிட் காலத்தில் வாங்கி மிஞ்சிய பொட்டலம் அலமாரியில் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். அதைச் சேர்ப்பதில் எந்த வெட்கமும் இல்லை.

எப்போது அடுத்தவரிடம் போவது?

மேலே சொன்ன எல்லாம் சரி, ஆனாலும் மூன்று முறை தொடர்ந்து பெருக்கல் 900-ஐத் தாண்டவில்லை என்றால், உடைத்த மால்ட்டில் ஒரு பிடியை டப்பாவில் போட்டு ஹோம்ப்ரூ கடைக்கோ உள்ளூர் ப்ரூ கிளப்புக்கோ எடுத்துப் போங்கள். அனுபவப்பட்ட கண் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். மூட்டை பழையதா, ஈரம் பட்டதா என்பதும் அப்போது தெரியும். நல்ல மால்ட்டைக் கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும். நமத்த முறுக்கு போலிருந்தால் மூட்டையில்தான் குறை.

அறிகுறி 2: கிராவிட்டி அதிகம், ஆனால் வோர்ட் குறைவு

கொதி அதிகம், அவ்வளவுதான். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைச் சேருங்கள். அதே பெருக்கலைத் திருப்பிப் போட்டால் எவ்வளவு என்று தெரியும்: 18 லிட்டரில் 1.058 என்றால் 1044 புள்ளி, கிட்டத்தட்ட 21 லிட்டருக்குப் போதும். அடுத்த முறை சூட்டைக் குறையுங்கள். மேற்பரப்பு மெல்ல உருண்டு புரண்டால் போதும், தெறிக்க வேண்டியதில்லை.

அறிகுறி 3: மாஷ் சூடு நிற்கவில்லை

தொடக்கத்திலேயே தப்பினால்

31 லிட்டருக்கு 5 கிலோ போடும்போது தண்ணீர் 69 டிகிரியில் இருந்தால் 66-ல் வந்து நிற்கும். கராஜில் இரவெல்லாம் கிடந்து குளிர்ந்த மால்ட் என்றால் 70 வையுங்கள். அதற்குமேல் போனால்தான் ஆபத்து. மாஷ் 72-ஐத் தாண்டி நின்றால் உடனே பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கிண்டி இறக்குங்கள், யோசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. குறைந்துபோனால் அவசரமே இல்லை, மெல்ல ஏற்றிக்கொள்ளலாம்.

போகப்போக இறங்கினால்

மணிக்கு ஒன்றிரண்டு டிகிரி இறங்குவது இயல்பு. நாலு, ஐந்து இறங்கினால் போர்வை போதவில்லை. ஜூலை மாதத்து மெல்பர்ன் கராஜில் பழைய ரஜாய் ஒன்றை இரண்டு சுற்றுச் சுற்றி, மூடியின் மேலும் ஒரு துண்டு மடித்துப் போடுகிறேன், அதுவே போதுமாக இருக்கிறது. போர்த்தியிருக்கும்போது அர்னின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும்.

சூடு ஏற்றியே ஆக வேண்டுமென்றால் பையை ஒரு சாண் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, குறைந்த சூட்டில் கிண்டிக்கொண்டே ஏற்றுங்கள். அடியில் கேக் ஆற வைக்கும் வட்டக் கம்பித் தட்டைப் போட்டு வைத்தால் பை ஹீட்டரைத் தொடாது. பாலியஸ்டர் துணி சூடான எலிமென்ட்டில் பட்ட மறுநொடி ஓட்டை விழும், 5 கிலோவும் பானைக்குள் கொட்டும்.

அறிகுறி 4: பை வடியவில்லை, தூக்க முடியவில்லை, கிழிகிறது

இந்தப் பை முறை 2000-களின் நடுவில் ஆஸ்திரேலிய வீட்டுக் காய்ச்சல்காரர்களிடம் உருவாகி வளர்ந்தது. அப்போதிருந்து எல்லாரும் தைப்பது வாயில் (voile) துணியில்தான். நம் வீட்டு வாயில் சேலை போன்ற மெல்லிய நெசவு, ஆனால் பருத்தியில்லை, ஜன்னல் திரைக்கு விற்கும் பாலியஸ்டர் வாயில். பருத்தி ஊறி அடைத்துக்கொள்ளும், சீக்கிரம் பூஞ்சையும் பிடிக்கும்.

வடியாவிட்டால் முதலில் துணியைத் தண்ணீர்க் குழாயில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் தேங்கி நின்றால் போன முறை மாவு இழைகளில் காய்ந்திருக்கிறது. வாஷிங் சோடா கரைத்த வெந்நீரில் இரவு ஊறவைத்தால் விட்டுவிடும். துணி சுத்தமாக இருந்தும் வடியவில்லை என்றால், கோதுமை, ரை, ஓட்ஸ் எவ்வளவு போட்டீர்கள் என்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பிசினாகும். இதற்கு நெல் உமியைப் போல நல்ல மருந்து வேறில்லை. கால் கிலோ உமியை நன்றாக அலசிப் போடுங்கள். ஹோம்ப்ரூ கடைகளிலேயே விற்கிறார்கள்.

பையைப் பிழிந்தால் துவர்ப்பு ஏறும் என்று பயமுறுத்துவார்கள். பயப்பட வேண்டாம். பல வருடமாகப் பிழிந்துதான் எடுக்கிறேன். தயிரை வடிகட்டத் தொங்கவிடுவது போல இருபது நிமிடம் தொங்கவிட்டு, அப்புறம் தடித்த ரப்பர் கையுறையோடு முறுக்கிப் பிழியுங்கள்.

எடை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நனைந்த பை தூக்கும் நேரத்தில் 10 கிலோவைத் தாண்டும், 70 டிகிரி சூட்டில் ஒழுகிக்கொண்டிருக்கும். அதைத் தனி ஆளாகக் கையால் தூக்கி, தோளில் வோர்ட் கொட்டிக்கொண்ட ஒருவரை நான் மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். ஒரு கப்பியும் கயிறும் போடுங்கள். கொக்கியைக் கூரையின் பிளாஸ்டர் பலகையில் மாட்டக் கூடாது, அதன் பின்னால் இருக்கும் மரச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். சட்டம் எங்கே என்று தெரியாவிட்டால் ஒரு தச்சரைக் கூப்பிடுங்கள். பிள்ளைகள் அந்த நேரத்தில் கராஜுக்குள் வரவே கூடாது.

அறிகுறி 5: கொதி வரவில்லை, அர்ன் தானாக அணைகிறது

2400 வாட் அர்னில் 28 லிட்டரை 66-லிருந்து கொதிக்கு ஏற்ற அரை மணிக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். அதற்குள் பொறுமை இழக்காதீர்கள். முக்கால் மணி தாண்டியும் வரவில்லை என்றால்:

மூடியை முக்கால்வாசி மூடிப் பாருங்கள். கொதி வந்ததும் திறந்துவிட வேண்டும், பொங்கும். எக்ஸ்டென்ஷன் வயர் வழியாகச் செருகியிருந்தால் எடுத்துவிட்டு நேராகச் சுவரில் செருகுங்கள். மெல்லிய வயர் தொட்டால் சுடும். சுட்டால் அன்றைக்கே குப்பையில் போடுங்கள்.

நடுவில் அணைந்து, பத்து நிமிடம் கழித்துத் திரும்ப எரிந்தால் அடியில் மாவு படிந்து தீய்ந்திருக்கிறது. எலிமென்ட்டின் சூடு வெளியேற வழியில்லாமல் பாதுகாப்புக் கட்-அவுட் விழுகிறது. மரக் கரண்டியால் அடியைச் சுரண்டிவிட்டுத் தொடருங்கள். காய்ச்சி முடிந்ததும் சிட்ரிக் அமிலம் போட்டுக் கொதிக்கவிட்டுக் கறுப்பை எடுத்துவிடுங்கள், அடுத்த முறை வராது.

வீட்டு சேஃப்டி சுவிட்ச் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்துவது) விழுகிறதா? அங்கேயே நிறுத்துங்கள். ஒருமுறை விழுந்தாலும் சரி. அர்னைத் திறக்காதீர்கள், வேறு பிளக்கில் மாட்டிப் பார்க்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் வீட்டு வயரிங்கைத் தொடலாம். அர்னிலிருந்து லேசாக ஷாக் அடித்தது போல் இருந்தாலும் இதே பதில்தான்.

கேஸ் அடுப்பில் காய்ச்சுபவர்கள் எப்போதும் திறந்த வெளியில்தான் காய்ச்ச வேண்டும். மழைக்குப் பயந்து கராஜுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினால் கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும். மணம் இல்லாத வாயு அது, வருவது தெரியாது. இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வந்தால் சிலிண்டரை மூடிவிட்டு, லைசென்ஸ் உள்ள கேஸ் ஃபிட்டரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 6: ஈஸ்ட் போட்டு ஒரு நாள் ஆகியும் அசைவில்லை

"கிட்டில் ஆறு மணி நேரத்தில் நுரைத்ததே" என்பார்கள். கிட்டில் ரெண்டு லிட்டர் சுடுதண்ணீரில் பாகைக் கரைத்து, மீதியைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பினீர்கள். அந்தத் தண்ணீரே வோர்ட்டை ஆற்றிற்று, ஈஸ்ட்டுக்கு வேண்டிய காற்றையும் கொண்டு வந்தது. இப்போது முழு வோர்ட்டும் ஒரு மணி நேரம் கொதித்திருக்கிறது, கரைந்த காற்று எல்லாம் போய்விட்டது.

ஆகவே முதலில் சூட்டைப் பாருங்கள். ஆற்றும் நேரம் கூடியதால் பொறுமையின்றி 30 டிகிரியில் ஈஸ்ட் போடுபவர்கள் உண்டு, குளிர் கராஜில் 12 டிகிரியில் விடுபவர்களும் உண்டு. ஏல் வகை பியருக்கான ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 நல்லது. அடுத்து, அளவு. டின் மூடிக்குக் கீழே வரும் சின்னப் பொட்டலம் போதாது, 11.5 கிராம் பொட்டலம் ஒன்று போடுங்கள். மூன்றாவது, காற்று. ஆறிய வோர்ட்டை உயரத்திலிருந்து ஊற்றுங்கள், அல்லது ஃபெர்மென்டரை ஐந்து நிமிடம் ஆட்டுங்கள். நுரை தொடங்கிவிட்டால் அதன்பின் காற்றே படக் கூடாது.

ஏர்லாக்கில் (ஃபெர்மென்டர் மூடியில் வாயு வெளியேறும் அடைப்பானில்) குமிழி வராததை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், மூடி சரியாகப் பொருந்தாமலும் இருக்கலாம். கிராவிட்டியை அளங்கள். 48 மணி நேரமாகியும் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை என்றால் புதுப் பொட்டலம் போடுங்கள்.

அறிகுறி 7: 1.020-ல் நின்றுவிட்டது

எதில் அளந்தீர்கள்? ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) என்றால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள். ஆல்கஹால் கலந்ததும் அது கூட்டிக் காட்டும், உண்மையில் 1.010 இருக்கும் பியரை அது 1.024, 1.025 என்று சொல்லும். ஹைட்ரோமீட்டரில் அளங்கள்.

ஹைட்ரோமீட்டரும் 1.020 காட்டினால், ஃபெர்மென்டரை இரண்டு மூன்று டிகிரி சூடான அறைக்கு மாற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்படி மெதுவாகச் சுழற்றுங்கள். நாலு நாள் பொறுங்கள். அசையவில்லையென்றால் மாஷ் 70-க்குப் பக்கத்தில் ஓடியிருக்கிறது, ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சியிருக்கிறது. இதற்கு இப்போது மருந்தில்லை. கொஞ்சம் கனமான பியர், அதை அப்படியே குடிக்கலாம். அடுத்த முறை தெர்மாமீட்டரைச் சோதித்துவிட்டு 65-ல் மாஷ் செய்யுங்கள்.

மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண் வரும்வரை பாட்டிலில் அடைக்காதீர்கள். ஏற்கெனவே அடைத்து, திறந்தால் பீறிட்டு அடிக்கிறது என்றால், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்துங்கள். கண்ணாடி பாட்டில் வெடித்தால் அறையெங்கும் துண்டு பாயும்.

அறிகுறி 8: சுவையும் மணமும் சரியில்லை

நாக்கை இழுக்கிறது

இது கசப்பா, துவர்ப்பா என்று முதலில் தீர்மானியுங்கள். ஆங்கிலத்தில் தடுமாறுகிற இடம் இது, நமக்கு ஆறு சுவையும் பெயரோடு தெரியும். வாழைப்பூவையோ கடுக்காயையோ கடித்தது போல் வாய் வறண்டு இழுத்தால் துவர்ப்பு. பாகற்காய் போல நாக்கின் பின்பக்கம் நின்றால் கசப்பு.

துவர்ப்பு என்றால், பையின்மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கழுவினீர்களா என்று பாருங்கள். 77 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் 6-ஐ நெருங்கும் பிஎச்சும் சேரும்போதுதான் உமியின் துவர்ப்பு இறங்குகிறது. கழுவத்தான் வேண்டுமென்றால் 75-க்குள் வையுங்கள். பையை உள்ளே வைத்துக்கொண்டே கொதிக்கு ஏற்றுவதும் கூடாது.

கசப்பு என்றால், சூடான வோர்ட்டை கியூபில் (மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில்) அடைத்து இரவெல்லாம் ஆறவிட்டீர்களா? தண்ணீரை மிச்சப்படுத்த இங்கே பலரும் செய்வது அது. ஆனால் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) அந்தச் சூட்டில் இன்னும் கசப்பை விட்டுக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் மிச்சமிருக்கும்போது போடச் சொன்ன ஹாப்ஸை அடுப்பை அணைத்த பின், கியூபுக்குள் போடுங்கள். கியூபை மாதக்கணக்கில் வைக்காமல் ஓரிரு நாளில் ஈஸ்ட் சேர்த்துவிடுங்கள். ஈஸ்ட் படாத, காற்றுப் புகாத வோர்ட்டில் பொட்டுலிசம் கிருமிக்கு இடமுண்டு.

வேகவைத்த சோளத்தின் மணம்

வெளிர் நிற பில்ஸ்னர் மால்ட்டை மூடி போட்டுக் கொதிக்க வைத்திருப்பீர்கள். மூடியை முழுசாகத் திறந்து 90 நிமிடம் கொதிக்கவிடுங்கள். மூடியில் வழியும் நீர் திரும்பப் பானைக்குள் விழக் கூடாது.

பிளாஸ்திரி, மருந்துக்கடை மணம்

குழாய்த் தண்ணீரின் குளோரின். கொதிக்க வைத்தால் போகும்தான், ஆனால் சில ஊர்களில் குளோரமின் போடுகிறார்கள், அது அவ்வளவு எளிதில் போகாது. காம்ப்டன் மாத்திரை அரை மாத்திரையைப் பொடித்து, சூடேற்றும் முன் 31 லிட்டரில் கலந்தால் இரண்டும் போய்விடும். செலவு சில காசுகள். ஆகவே நான் சந்தேகமே வராவிட்டாலும் போடுகிறேன். போட்ட பிறகும் மணம் வந்தால் குழாயில், டியூபில், ஃபெர்மென்டரின் கீறல்களில் வேறு கிருமி புகுந்திருக்கிறது. ரப்பர், டியூப், குழாய் மூன்றையும் மாற்றுங்கள். பிளாஸ்டிக் ஃபெர்மென்டரில் நகம் தட்டுகிற ஆழத்துக்குக் கீறல் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

அறிகுறி 9: பியர் கலங்கலாக இருக்கிறது

பை முறையில் வோர்ட் டின்னைவிடக் கலங்கித்தான் இருக்கும். காய்ச்சும் நாளில் அது ஒரு குறையே அல்ல. பாட்டிலில் கலங்கல் நின்றால் ஒரு தம்ளரில் ஊற்றி அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். தெளிந்தால் குளிரில் வரும் புரதக் கலங்கல். கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கையில் வோர்ட்டைத் தெளியவைக்கும் வேர்ல்ஃப்ளாக் மாத்திரை அரை போடுங்கள். தெளியாவிட்டால் ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பாருங்கள். நீலமானால் மாஷ் முடியவில்லை, முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள். நீலமாகாவிட்டால் ஈஸ்ட், ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் நிற்க வைத்தால் படிந்துவிடும்.